கோப்பும் உறங்கிற்று, வெடியும் உறங்கிற்று!

"அவன் பெரிய எம்டன்!" என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. எவருக்கும் அஞ்சாதவனை, எமகாதகனை அப்படி அழைப்பது இராயபுரத்திலும் காசிமேட்டிலும் பாட்டன் காலத்துப் பழக்கம். அந்தப் பெயர் கடல்வழி வந்த பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. வானம் சிவந்தது. வந்த கப்பல் வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் பட்டணம் நடுங்கிற்று. மூட்டை கட்டினர், முடிச்சுக் கட்டினர், பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே ஓடினர். உயர்நீதிமன்ற மதிற்சுவரில் அதற்கொரு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. நூறாண்டு கடந்தும் அந்தப் பெயர் நம் நாவில் இருக்கிறது.

பகைவன் வீசிய குண்டுக்குப் பெயர் உண்டு, கல்வெட்டு உண்டு, கதை உண்டு. பகைவன் எவனும் வராமல், பீரங்கி ஏதும் முழங்காமல், சரக்குச் சீட்டோடும் சர்க்கார் முத்திரையோடும் உள்ளே வந்து, ஐந்தாண்டுக் காலம் நம் தலைமாட்டில் படுத்திருந்த வெடிமருந்துக்கு என்ன பெயர்? அதற்குக் கல்வெட்டு எங்கே? அதை நினைவில் வைத்திருப்போர் நம்மில் எத்தனை பேர்?

மறந்திருப்பீர்கள். மறக்கட்டும் என்றுதான் சிலர் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே நாம் நினைவூட்டுகிறோம்.

2015ஆம் ஆண்டு. தென்கொரியாவிலிருந்து சென்னைக்கு வந்து இறங்கிற்று அமோனியம் நைட்ரேட். 37 கண்டெய்னர்கள். ஏறத்தாழ 740 டன். விதி மீறி வந்த சரக்கு என்று சுங்கத்துறை தடுத்தது, பறிமுதல் செய்தது. நல்ல காரியம்தான், பாராட்டுவோம். தடுத்த சரக்கை எங்கே வைத்தார்கள்? மணலியில், ஒரு கண்டெய்னர் கிடங்கில். எத்தனை நாள்? நாள் கணக்கல்ல தோழர்களே, ஆண்டுக் கணக்கு! அந்த ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. சரக்கு அங்கேயே இருந்தது. 2016இல் வர்தா புயல் வந்து மரங்களை வேரோடு சாய்த்தது. சரக்கு அங்கேயே இருந்தது. ஐந்து கத்திரி வெயில்கள் இரும்புப் பெட்டிகளை அடுப்பாகக் காய்ச்சின. சரக்கு அங்கேயே இருந்தது. விசாரணை என்றார்கள், வழக்கு என்றார்கள், ஏலம் என்றார்கள். கோப்பு உறங்கிற்று. கோப்புக்குத் துணையாக வெடிமருந்தும் உறங்கிற்று.

மணலியில் மக்கள் உறங்கினார்களே, அவர்களுக்கு இது தெரியுமா? ஒருவருக்கும் தெரியாது!

எப்போது தெரிந்தது? 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் மாலை, கடல்கள் பல கடந்து, லெபனான் நாட்டின் தலைநகரான பெய்ரூட்டில், துறைமுகக் கிடங்கு ஒன்று வெடித்தது. உள்ளே இருந்தது அதே அமோனியம் நைட்ரேட். 2750 டன். இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் படுகாயமுற்றனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஒரே மாலையில் வீடிழந்தனர். அங்கே அந்தச் சரக்கு வந்த கதையைக் கேளுங்கள். 2013இல் ஒரு ஓட்டைக் கப்பல் அந்தத் துறைமுகத்தில் ஒதுங்கிற்று. புறப்பட அனுமதி கிடைக்கவில்லை. கப்பற்காரன் கைவிட்டான். 2014இல் சரக்கை இறக்கிப் பன்னிரண்டாம் எண் கிடங்கில் அடுக்கினார்கள். இதை அப்புறப்படுத்த வழி சொல்லுங்கள் என்று சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்கு மடல்மேல் மடல் எழுதினார்கள். மடல் போயிற்று, மறுமொழி வரவில்லை. முடிவில் மறுமொழியைச் சொன்னது நெருப்பு!

அந்த ஓசை கேட்டுத்தான் நம் நாட்டுக் கோப்பு கண் விழித்தது. மணலியில் இருப்பு எவ்வளவு என்று எண்ணினார்கள். 697 டன் என்றார்கள். சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்குக் குடியிருப்பே இல்லை, அச்சம் வேண்டாம் என்று சுங்கத்துறை அறிக்கை விட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ நேரில் பார்த்துவிட்டு, எழுநூறு மீட்டரிலேயே மக்கள் வாழ்கிறார்கள் என்றது. ஒரு துறையின் கண்ணுக்குத் தென்படாத மக்கள், இன்னொரு துறையின் கண்ணுக்குத் தென்பட்டார்கள். அடுப்புப் புகைகிறது, குழந்தை அழுகிறது, கொடியில் துணி காய்கிறது. இருந்தும் 'குடியிருப்பு இல்லை' என்று எழுத ஒரு பேனாவுக்கு முடிந்திருக்கிறதே, அங்கேதான் தோழர்களே, நம் நெஞ்சு வேகிறது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்டு 4இல் பெய்ரூட் வெடித்தது. ஆகஸ்டு 9, ஞாயிற்றுக்கிழமை, மணலியிலிருந்து முதல் பத்துக் கண்டெய்னர்கள் ஐதராபாத்துக்குப் புறப்பட்டன. மீதமும் அடுத்தடுத்துச் சென்றன. ஐந்தாண்டில் முடியாதது ஐந்து நாளில் முடிந்தது! லாரி இருந்தது, சாலை இருந்தது, வாங்க ஆள் இருந்தது, விற்க அதிகாரம் இருந்தது. கொரோனாக் கட்டுப்பாடு கூடத் தடையாகவில்லை. எல்லாம் இருந்தும் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று: அவசரம். அந்த அவசரத்தைக் கொடுக்க, முன்பின் அறியாத ஒரு நாட்டு மக்கள் இருநூறு பேர் சாக வேண்டியிருந்தது. மணலி மக்கள் பெய்ரூட் மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தக் கடனை நாம் எப்படித் தீர்ப்பது?

அந்தச் சரக்கு என்ன என்பதை முதலில் அறிவோம். அமோனியாவும் நைட்ரிக் அமிலமும் கூடிப் பிறக்கும் வெண்ணிற உப்பு அது. ஜவ்வரிசி போல் மணிமணியாக இருக்கும். வயலுக்குப் போனால் உரம். டீசலோடு கலந்து கல் குவாரிக்குப் போனால் பாறை பிளக்கும் மருந்து. தானாகத் தீப்பற்றும் குணம் அதற்கு இல்லை. ஆனால் பக்கத்தில் எரியும் நெருப்புக்கு மூச்சுக் கொடுக்கும். அடைத்து வைத்த இடத்தில், எண்ணெயோ குப்பையோ கலந்து, சூடேறினால் ஊரையே தூக்கி எறியும். அதனால்தான் 2011இல் இந்திய அரசு, நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் இந்த உப்பு கலந்த எதையும் வெடிபொருள் என்றே அறிவித்தது. 2012இல் தனி விதிகளும் வகுத்தது. மணலிக்குச் சரக்கு வந்தபோது விதி நூலுக்கு மூன்று வயது. விதி இருந்தது, விழிப்பு இல்லை!

இந்நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் நின்றது. வயிற்றில் ஏறத்தாழ 1400 டன் வெடிபொருள். கூடவே பஞ்சுப் பொதி! பஞ்சையும் வெடியையும் ஒரே கப்பலில் அடுக்கிய அறிவாளிகளை என்னென்பது? பகலில் புகை கண்டார்கள். மாலை நான்கு மணி கடந்ததும் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் மீண்டும் வெடித்தது. நூற்றுக்கணக்கில் மக்கள் மடிந்தனர். தீயை அணைக்கப் போன வீரர்களில் மட்டும் 66 பேர். அந்த நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் தொடங்கித் தீயணைப்பு வாரம் கொண்டாடுகிறோம். அன்றைய வெள்ளை ஆட்சி என்ன செய்தது தெரியுமா? செய்தியை மறைத்தது. பம்பாய் வெடித்ததை உலகுக்கு முதலில் சொன்னது சைகோன் வானொலி, அதுவும் ஜப்பானியர் கையிலிருந்த வானொலி! செத்தவன் நம்மவன், சேதியோ அயலான் வாயில்.

வெள்ளையன் போய்விட்டான், வழக்கம் போயிற்றா? 2025 நவம்பர் 14ஆம் நாள் இரவு, காசுமீரத்தில் நௌகாம் காவல் நிலையம் வெடித்துச் சிதறியது. காரணம், பறிமுதல் செய்து உள்ளே வைத்திருந்த வெடிபொருள். ஆய்வுக்கு மாதிரி எடுத்துக்கொண்டிருந்த வேளையில் ஒன்பது உயிர்கள் போயின. பறிமுதல் செய்ததோடு ஆபத்து அடங்கிவிடுவதில்லை. கடத்தற்காரன் கையிலிருந்து காவற்காரன் கைக்கு மாறியதற்காக வெடி தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது.

"எங்கோ பெய்ரூட், எங்கோ பம்பாய், எங்கோ காசுமீரம். இங்கே என்ன?" என்று கேட்போர் 2023 டிசம்பர் மாதத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். 26ஆம் நாள் நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் மக்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரக் கடலுக்கடியில் போட்ட குழாய் கசிந்துவிட்டது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கிழவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எந்தத் திசையில் ஓடுவது என்றுகூடத் தெரியாமல் இருட்டில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எண்ணூரின் கண்ணீர் காயவில்லை. விடிந்தது 27ஆம் நாள். அன்றே தண்டையார்பேட்டை இந்தியன் ஆயில் வளாகத்தில் எத்தனால் தொட்டியில் வேலை நடக்கையில் வெடித்தது. ஒரு தொழிலாளி மாண்டார். இன்னொருவர் காயமுற்றார்.

ஒரு நாள் முடிவதற்குள் இரண்டு! 1914இல் எம்டன் வந்தபோது ஓடுவதற்கு ஒரு திசையாவது தெரிந்தது. கிழக்கே கடலில் பகைவன், ஆகவே மேற்கே ஓடினார்கள். பெரியகுப்பத்து மக்களுக்கு அந்தத் தெளிவுகூட இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, வாடை என்ன வாடை, ஈரத்துணியை மூக்கில் வைப்பதா, வீட்டுக்குள் இருப்பதா, வெளியே ஓடுவதா? ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லையா? இருக்கிறது! போபாலில் 1984இல் ஓர் ஊரே மடிந்த பிறகு சட்டங்கள் வந்தன. 1989இல் வந்த அபாயகர வேதிப்பொருள் விதிகள், விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு முன்கூட்டியே ஆபத்தையும் தற்காப்பையும் சொல்ல வேண்டும் என்கின்றன. ஆலைக்கு உள்ளே ஒரு திட்டம், ஆலைக்கு வெளியே ஒரு திட்டம் வேண்டும் என்கின்றன. 1996இல் வந்த விதிகள், மாவட்டந்தோறும் நெருக்கடிக் குழு வேண்டும், வட்டாரக் குழுவும் வேண்டும் என்கின்றன. ஏட்டில் எல்லாம் இருக்கிறது தோழர்களே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பெய்ரூட்டுக்குப் பிறகும் விதி திருத்தினார்கள். 2021இல் வந்த திருத்தம், பறிமுதலான அமோனியம் நைட்ரேட்டை ஏலம் விட்டு விரைந்து தீர்க்க வழி செய்தது. வரவேற்கிறோம். துறைமுகத்துக்கு வரும் அந்தச் சரக்கைத் துறைமுகப் பகுதிக்கு 500 மீட்டர் அப்பால் உள்ள கிடங்குக்கு மாற்ற வேண்டும் என்றும் சொன்னது. துறைமுகத்தைக் காக்க நல்ல விதி. ஆனால் ஒரு கேள்வி. சென்னைத் துறைமுகத்து மதிலிலிருந்து ஐந்நூறு மீட்டர் நடந்து பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது? காடா? கழனியா? பொட்டலா? இராயபுரத்துச் சந்து இருக்கிறது. காசிமேட்டு மீனவன் வீடு இருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, பிரசவ ஆசுபத்திரி இருக்கிறது. கப்பலுக்கும் கிரேனுக்கும் ஐந்நூறு மீட்டர் தள்ளி வை என்று சொல்லும் சட்டம், தாய்க்கும் பிள்ளைக்கும் எத்தனை மீட்டர் என்பதையும் அதே அழுத்தத்தோடு நடைமுறையில் காட்ட வேண்டாமா?

நாம் இப்படிப் பேசினால் இரண்டு குரல்கள் எழும். ஒன்று, "இவர்கள் தொழிலுக்கு எதிரிகள்" என்று கோட் அணிந்தவர் குரல். அதற்கு மறுமொழி எளிது. இந்த மணலியும் எண்ணூரும் திருவொற்றியூரும் யார் தோளில் எழுந்தன? நம் தோழர்களின் தோளில். ஆலைச் சங்கு ஊதினால்தான் நம் வீட்டு அடுப்பு எரியும் என்பது நமக்குத் தெரியாதா? ஆலை வேண்டும் என்று கேட்ட வாய்தான், ஆலைக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறது. மூட்டையைத் தூக்குகிறவனுக்கு அதன் எடை தெரிய வேண்டும். அதன் குணமும் தெரிய வேண்டும்.

இன்னொரு குரல் தந்திரமானது. "எங்கே என்ன இருக்கிறது என்று வெளியே சொன்னால் தீயவர்களுக்குத் தெரிந்துவிடுமே!" என்பார்கள். நாம் வாயில்களின் வரைபடம் கேட்கவில்லை, பூட்டின் சாவி கேட்கவில்லை. இந்த மதிலுக்கு உள்ளே இருப்பது எந்த வகைப் பொருள், கசிந்தால் என்ன செய்வது, சங்கு எத்தனை முறை ஊதினால் எந்தப் பக்கம் போவது, இவ்வளவுதான் கேட்கிறோம். கடத்துகிறவனுக்குத் தன் சரக்கு தெரியும். சேமிக்கிறவனுக்கும் தெரியும். ஏலம் எடுக்கிறவனுக்கும் தெரியும். தெரியாதிருப்பவள் மதிலோரத்து வீட்டில் பிள்ளையைத் தூங்க வைக்கிற தாய் ஒருத்திதான். இரகசியம் அவளிடமிருந்து மட்டும் காக்கப்படுகிறது!

ஆகவே, நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, ஆபத்தான பொருள் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆலை, கிடங்கு, கண்டெய்னர் நிலையத்தின் வாயிலிலும் பெரிய எழுத்தில் தமிழ்ப் பலகை. பொருளின் வகை என்ன, ஆபத்து என்ன, செய்ய வேண்டியது என்ன.

இரண்டாவது, ஒத்திகை. அதிகாரிகள் தொப்பி அணிந்து படம் எடுத்துக்கொள்ளும் ஒத்திகை போதாது. தெருவில் உள்ளவர்கள் கலந்துகொள்ளும் ஒத்திகை, இரவிலும் ஒருமுறை.

மூன்றாவது, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேலைக்கு முன் விவரம். தொட்டிக்குள் என்ன இருந்தது, ஆவி வெளியேறிவிட்டதா, யார் சோதித்தார் என்பது எழுத்தில் இல்லாமல் எவனும் வெல்டிங் கம்பியைத் தொடக்கூடாது. நிரந்தரத் தொழிலாளி போனால் கணக்குக் கேட்கச் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தக்காரனிடம் கூலி வாங்குபவனுக்கு என்ன இருக்கிறது? அவன் உயிர் இரண்டாந்தர உயிரா?

நான்காவது, பறிமுதலான வெடிபொருளுக்குக் கெடு. இத்தனை நாளில் அப்புறப்படுத்தப்பட்டது என்று கணக்குக் காட்டு. காட்டத் தவறினால் கையெழுத்துப் போடாத கையின் பெயரைச் சொல்.

கேட்பது நம் கடமை. செய்வதும் நம் கடமை. வட்டச் செயலாளர்களே, கிளைத் தோழர்களே! மேடை போடுவது, கொடி கட்டுவது, ஒலிபெருக்கி வைப்பது எல்லாம் நமக்குக் கைவந்த கலை. இதையும் செய்யுங்கள். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. உங்கள் வட்டத்தில் உள்ள ஒவ்வொரு கிடங்குக்கும் வெளித்திட்டம் உண்டா, கடைசி ஒத்திகை என்று நடந்தது, பறிமுதல் சரக்கு ஏதேனும் தேங்கியிருக்கிறதா என்று மனுப் போடுங்கள். வரும் மறுமொழியைப் படிப்பகத்துச் சுவரில் ஒட்டுங்கள். மறுமொழி வராவிட்டால், வரவில்லை என்பதையும் ஒட்டுங்கள்!

லாரியில் ஒட்டியிருக்கும் அடையாளங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறச் சாய்சதுரம், அதில் வட்டத்தின்மேல் தீச்சுடர், கீழே 5.1 என்ற எண் கண்டால், நெருப்புக்கு மூச்சுக் கொடுக்கும் சரக்கு என்று பொருள். 1942 என்ற எண் அமோனியம் நைட்ரேட்டைக் குறிக்கும். 1005 என்றால் அமோனியா. டேங்கர் லாரி ஓட்டும் தோழருக்கு இது தெரியும். டீக்கடையில் பத்துப் பேருக்கு அவர் சொல்லித் தரட்டும். பாடம் நடத்தப் பள்ளிக்கூடம்தான் வேண்டுமா என்ன? நம் இயக்கம் டீக்கடைப் பெஞ்சிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஏடு படித்து வளர்ந்த இயக்கம்.

வருமுன் காக்காதவன் வாழ்வை வள்ளுவர் நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார். அவர் காலத்தில் வைக்கோற்போர்தான் பெரிய நெருப்பு. நம் காலத்தில் அது 697 டன்.

மணலியில் அன்று ஒன்றும் வெடிக்கவில்லை. அதனால்தான் கல்வெட்டும் இல்லை, கதையும் இல்லை. நல்லதுதான். கல்வெட்டு வேண்டாம் நமக்கு. நமக்கு வேண்டியது வாயிலில் ஒரு பலகை. செத்த பிறகு பெயர் பொறிக்கும் கல்லைவிட, உயிரோடிருக்கையில் உண்மை சொல்லும் மரப்பலகை மேல்!

கோப்பு இனி உறங்கக்கூடாது. அது உறங்காமலிருக்க வேண்டுமானால், தோழர்களே, நாம் உறங்கக்கூடாது.